கபுனாரே ருசி பார்த்த தண்ணீர்

எங்கள் ஆட்களிடம் ஒரு நக்கல் உண்டு. எவனாவது பழைய படகை ஒரே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கிவிட்டால், "கபுனாரே ருசி பாத்த தண்ணிடா இது" என்பார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் அவள் சிரித்த முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தவனுக்கும் அதே வார்த்தைதான். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கிற பொடியன்களில் பாதிப் பேருக்குக் கபுனாரே என்பது ஒரு மனிதனின் பெயர் என்றே தெரியாது.

அவர் என் தாய்மாமன். அந்த நக்கலைக் கிளப்பிவிட்ட வாய் எது என்றும் எனக்குத் தெரியும். அந்த வாய்க்குச் சொந்தக்காரர் இன்றைக்குத் தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறார். வயிறு எரியத்தான் இதைச் சொல்கிறேன். பொறுமையாகச் சொல்ல எனக்கு வராது.

நான் பிறந்தது ஒனோத்தோவாவில். பசிபிக் கடலில், கில்பர்ட் தீவுகளின் தெற்கு ஓரம். வடக்கே புட்டாரிட்டாரிப் பக்கம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும், சீமைப்பலா காய்த்துத் தானாகக் கீழே விழும். "வடக்குக்காரன் வாயைத் தொறந்துக்கிட்டுப் படுத்தாப் போதும், சோறும் விழும் தண்ணியும் விழும்" என்று எங்கள் ஊரில் பொருமுவார்கள். தெற்கே எங்களுக்கு மழை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. பொழுது சாய்ந்ததும் கார்த்திகைக் கூட்டம் கிழக்கே ஏறினால் மேற்குக் காற்றின் காலம், கேட்டை நட்சத்திரம் ஏறினால் கிழக்குக் காற்றின் காலம். மேற்குக் காற்றில் மழை வரும், கிழக்குக் காற்றில் வராது. இது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எந்த வருஷம் மேற்குக் காற்று உண்மையாகவே வந்து தங்கும், எந்த வருஷம் பேருக்கு எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும் என்பதை எந்த நட்சத்திரமும் எங்களுக்குச் சொல்லவில்லை. சில சமயம் வருஷக்கணக்கில் கிழக்குக் காற்றேதான் வீசும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஜனம் எதை எடுத்தாலும் இது யாருடையது என்று கேட்கும். தென்னைக்கு ஆள் உண்டு. கிணற்றுக்கு உண்டு. கடலுக்குள் கல் அடுக்கிக் கட்டிய மீன்பொறிக்கு உண்டு. பாட்டுக்கும் உண்டு, என் குடும்பத்துப் பாட்டை நீங்கள் பாடினால் அடிதடி வரும். இப்படிப்பட்ட ஜனம் மழையை மட்டும் விட்டுவைக்குமா? புட்டாரிட்டாரி மழை புட்டாரிட்டாரியின் சொத்து, எங்கள் வறட்சி எங்கள் சொத்து, அந்தந்தத் தீவுக்கு அதனதன் மழை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். எவனும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலாவது யாராவது மறுத்திருப்பார்கள்.

மாமா கிணறு வெட்டுகிறவர். எங்கள் தீவில் மணலைக் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினாலே தண்ணீர் தெரிந்துவிடும். கீழே உப்புத் தண்ணீர், அதன் மேல் மழைத் தண்ணீர் மெல்லிசாக மிதக்கும். மேலாக மொண்டால் குடிக்கலாம், ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால் உப்பு ஏறிவிடும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்பதை மாமா நாக்கால் சொல்வார். ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "நல்ல தண்ணி, ஆனா கோவக்காரத் தண்ணி, ரொம்ப நோண்டாதீங்க" என்பார். ஆள் நல்ல உயரம், கொழுத்த உடம்பு. சிரித்தால் தொப்பை தனியாகக் குலுங்கும். பெண்டாட்டி செத்துப்போனவர், பிள்ளை இல்லை. தங்கை தங்கிராதான் அவருக்கு எல்லாம். தங்கிரா என் அம்மா.

எங்கள் தாத்தாவின் நிலம் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிந்து பிரிந்து நாடா மாதிரி ஆகிவிட்டிருந்தது. எங்கள் மரத்துத் தேங்காய் விழுந்தால் அடுத்தவன் நிலத்தில்தான் விழும். அதற்கும் சண்டை. அந்தச் சமயத்தில்தான் கிழக்குக் காற்று நிற்காமல் வீசத் தொடங்கியது. தென்னை மட்டைகள் பழுத்துத் தொங்கின. பாபாய்க் கிழங்குக் குழிகளில் உப்பு ஏறி, இலைகள் கருகின. எங்களுக்குப் பாபாய் என்றால் வெறும் சாப்பாடு இல்லை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பாபாய் கொண்டுவராதவன் ஊர்க்கூடத்தில் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. அந்த வருஷம் ஊரே தலை குனிந்து உட்கார்ந்திருந்தது.

அப்போது ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். கிழக்கே ரொம்பத் தூரத்தில், பீனிக்ஸ் தீவுக்கூட்டத்தில் ஆளில்லாத தீவு ஒன்று இருக்கிறது, போகிறவர்களுக்கு நிலம் தருகிறோம், ஆனால் இங்கே இருக்கிற பங்கை உறவுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றார். ஊர்க்கூடத்தில் கூடிப் பேசினார்கள். முதலில் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்கள். யாரை அனுப்புவது? தண்ணீர்தானே கேள்வி, தண்ணீர் தெரிந்தவனை அனுப்பு என்று எல்லோருமாகச் சேர்ந்து மாமாவைப் பிடித்தார்கள். அவராக முண்டியடித்துக்கொண்டு போகவில்லை. இதை எந்தச் சபையிலும் சத்தியம் செய்து சொல்வேன்.

கப்பல் கிளம்பிய கொஞ்ச நாளில் ஒனோத்தோவாவில் காற்று திரும்பியது. மேற்கிலிருந்து கறுத்துக்கொண்டு வந்து அப்படி ஒரு மழை. நாங்கள் சின்னப் பிள்ளைகள், அம்மணமாக ஓடி ஆடினோம். கடவுள் கண் திறந்துவிட்டார், போன காரியம் ஜெயம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதே காற்று அங்கேயும் போயிருக்கும், அதே மழை மாமா போன தீவிலும் பெய்துகொண்டிருக்கும் என்று ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை. அந்தத் தீவுக்கு அதன் மழை, எங்களுக்கு எங்கள் மழை.

மாமா திரும்பி வந்து ஊர்க்கூடத்தில் பேசியதை நான் அம்மா மடியில் உட்கார்ந்து கேட்டேன்.

"பூக்கா மரம் இருக்கு, ரெண்டு ஆள் சேந்து கட்டிப் பிடிக்கணும், அவ்வளவு பருமன். பறவை முட்டை காலுக்குக் கீழ மிதிபடுது. நானே கிணறு வெட்டுனேன். குடிச்சேன். நல்ல தண்ணி."

கூடமே ஆவென்று கத்தியது. மாமா கையைத் தூக்கினார்.

"இருங்க, முடிக்கல. அங்க கல்லு அடுக்கின மேடை இருக்கு. பழைய குழி ஒண்ணு இருக்கு, நம்ம பாபாய்க் குழி மாதிரியே, தூந்துபோய்க் கெடக்கு. நமக்கு முன்னாடி எவனோ அங்க பொழைச்சிருக்கான். ஏன் போனான்னு தெரியல. அதை நெனச்சா எனக்கு மனசு ஒரு மாதிரியா இருக்கு."

தெமாவா எழுந்து நின்றார். அப்போது வாலிபர், நல்ல குரல். எங்கள் எல்லோரையும் விடக் குறைவான நிலம் அவருக்கு. "மாமா, உங்க தொப்பையப் பாத்துப் பேய் பயந்து ஓடிருக்கும்" என்றார்.

கூடம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. தெமாவா விடவில்லை. "அவனுங்க வேதம் இல்லாதவனுங்க, சோம்பேறிப் பசங்க, செத்துருப்பானுங்க. நாம உழைக்கிற ஜனம். நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தண்ணி இனிச்சுதா, கரிச்சுதா?"

"இனிச்சுது. ஆனா..."

"அம்புட்டுதான்! இனிச்சுதாம், கேட்டுக்கிட்டீங்களா?"

அந்த 'ஆனா'வை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா மீன் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அப்பா கடலில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்பது அம்மா கையில்தான் இருந்தது.

"ஊருக்குச் சொன்னதெல்லாம் இருக்கட்டும்ணே. எனக்குச் சொல்லு. போலாமா?"

மாமா அடுப்புக்குள் ஒரு மட்டையைத் தள்ளினார். பிறகு, "போலாம்" என்றார்.

அம்மா அடுத்த கேள்வி கேட்கவில்லை. மறுநாளே தன் பங்கைச் சித்தப்பா மகனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். மாமா ஊருக்குச் சொன்னது இரண்டு விஷயம், தங்கைக்குச் சொன்னது ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தைதான் கடைசிவரை அவர் கழுத்தில் தொங்கியது.

புதுத்தீவில் முதல் வருஷங்கள் நன்றாகத்தான் போயின. பொய் சொல்லக் கூடாது. ஆளுக்கு இவ்வளவு நிலமா என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே அழுதார்கள். பாபாய்க் கன்றுகளைப் பாயில் சுற்றிக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தோம், அவை பிடித்துக்கொண்டன. ஊர்க்கூடம் கட்டினோம். அதில் மாமாவுக்குக் கடல் பக்கம் முதல் தூணடியில் இடம் கொடுத்தார்கள். ஊரைக் கூட்டிவந்தவர் என்று தெமாவாதான் எழுந்து பேசி, அந்த இடத்தில் அவரைக் கைபிடித்து உட்காரவைத்தார்.

அப்புறம் கிழக்குக் காற்று வந்தது. ஒனோத்தோவாவில் நாங்கள் பார்த்த கிழக்குக் காற்று இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மேகம் வரும், எங்கள் தலைக்கு மேலேயே போகும், ஒரு சொட்டு விழாது. கார்த்திகை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, மேற்குக் காற்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு தடவை மழை வந்து எங்களுக்கு ஆசை காட்டிவிட்டுப் போனது. அது வராமலே இருந்திருந்தால் அப்போதே கிளம்பியிருப்போம். பாபாய்க் குழிகள் உப்பாகின. தென்னையில் பதநீர் இறக்கினால் குழந்தைக்கு ஒரு வாய்க்குக் கூடத் தேறாது. கப்பலில் பீப்பாயில் தண்ணீர் வரும், துருவாடை அடிக்கும், அதற்கும் அடிதடி. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் புண்.

மாமா கிணறு கிணறாக வெட்டினார். தீவின் நடுவில், ஓரத்தில், பூக்கா மரத்தடியில், முதலில் ருசி பார்த்த அதே இடத்தில். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுப்பார், துப்புவார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவார். தொப்பை போய்விட்டது. சிரிப்பும் போய்விட்டது. அம்மா மட்டும், "அண்ணன் சொன்னா வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரைக் குத்திக்காட்ட அல்ல, நம்பித்தான் சொன்னாள். குத்திக்காட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்படியே வருஷங்கள் ஓடி நானும் வளர்ந்தேன். நான் கட்டிக்கொண்டது பௌரோவை. தீவில் அரசாங்கக் கம்பியில்லாத் தந்திக் கொட்டகையில் வேலை. தினமும் காற்று எந்தப் பக்கம், மழை எவ்வளவு என்று தட்டி அனுப்புவார். மழை இல்லை, மழை இல்லை என்று தட்டித் தட்டியே அவர் விரல் தேய்ந்தது. ஒருமுறை அந்தக் கருவிகளைப் பார்வையிட வானிலைக்கார வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. நாங்கள் கொடுத்த இளநீரைக் குடிக்கக் கூச்சப்பட்டார். இருந்ததே அது ஒன்றுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மாமா அவர் எதிரில் போய் உட்கார்ந்தார். "இந்தத் தீவோட மழை எங்க போச்சுன்னு கேளு" என்றார் பௌரோவிடம்.

அந்த வெள்ளைக்காரர் மணலில் விரலால் கோடு போட்டுச் சொன்னார், பௌரோ அதை எங்கள் பேச்சில் சொன்னார்.

"மாமா, கிழக்குக் காத்து என்ன பண்ணுதுன்னா, கடல்ல மேலாப்புல இருக்கிற சூட்டுத் தண்ணியெல்லாம் மேக்கால தள்ளிக்கிட்டே போகுதாம். நியூகினி, சாலமன் பக்கம் போய்க் குமியுதாம் அது. சூட்டுத் தண்ணி எங்க இருக்கோ அங்கதான் மேகம் கட்டும், அங்கதான் பெய்யும். இங்க அடியில இருந்து குளுந்த தண்ணி மேல வந்துருது. அதுக்கு மேல மேகம் நிக்காதாம்."

"அப்ப நான் வந்தப்ப?"

"எப்பவாச்சும் சில வருஷம் கிழக்குக் காத்து தளந்து போகுமாம். அப்ப அந்தச் சூட்டுத் தண்ணி திரும்பி இந்தப் பக்கம் நகந்து வரும். மழையும் கூடவே வரும். நீங்க வந்தது அந்த மாதிரி வருஷம்ங்கிறாரு. ஒனோத்தோவாவுலயும் அப்பதானே கொட்டுச்சு? ரெண்டும் ஒரே மழைதானாம்."

மாமா மணலில் இருந்த கோட்டின் மேல் விரலை வைத்தார். "அப்ப இது இந்தத் தீவோட மழை இல்ல."

"எந்தத் தீவோடதும் இல்ல மாமா. காத்தோடது."

"விருந்தாளியப் பாத்துட்டு வீட்டுக்காரன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார் மாமா. எழுந்து, வெள்ளைக்காரருக்கு மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் கிணறு வெட்டவே இல்லை.

பௌரோ இதை ஊர்க்கூடத்தில் சொன்னார். மாமா மேல் தப்பில்லை என்று காட்டத்தான் சொன்னார், பாவம். நடந்தது தலைகீழ். காற்றைப் போய் யார் திட்டுவது? சூட்டுத் தண்ணீரை யார் தூணடியிலிருந்து எழுப்புவது? தெமாவா எழுந்தார். இப்போது அவர் நரைத்த பெரிய மனிதர்.

"அன்னைக்கே எனக்குச் சந்தேகம்தான். நாந்தான் கேட்டேன், தண்ணி இனிச்சுதா கரிச்சுதான்னு. ஞாபகம் இருக்கா? இனிச்சுதுன்னாரு. ஒரு பருவம் மட்டும் பாத்துட்டு வந்து ஊரையே கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. கபுனாரே ருசி பாத்த தண்ணி இது!"

"பழைய குழியப் பத்தி மாமா சொன்னாருல்ல? நீங்கதானே பேயின்னு சிரிச்சீங்க?" நான் பெண்கள் பக்கத்திலிருந்து கத்திவிட்டேன்.

"சின்னப் புள்ளைக்கு அப்ப என்ன தெரியும்? உக்காரும்மா."

நான் சுற்றிப் பார்த்தேன். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்த அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருத்தருக்கும் குழி ஞாபகம் இல்லை. எல்லோருக்கும் இனிச்சுது மட்டும் ஞாபகம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவின் தூணடியில் தெமாவாவின் மகன் உட்கார்ந்திருந்தான். மாமா வந்தார், பார்த்தார், வெளியே கூரை நிழலில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டார். சொந்த இடம் போனவன் எங்களிடம் செத்தவனுக்குச் சமம்.

கடைசியில் அரசாங்கமே, இங்கே இருக்க வேண்டாம், மேற்கே சாலமன் தீவுகளுக்குப் போங்கள் என்றது. மறுபடியும் ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார்கள். "கபுனாரே வேண்டாம்பா, அவரு உப்பளத்துக்குப் போனாலும் இனிக்குதும்பாரு" என்று எவனோ சொல்ல, கூடம் சிரித்தது. தெமாவா போனார். ஒரு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, மண் கறுப்பாக இருக்கிறது, தினமும் மழை என்றார். பௌரோ ஆமாம், அதுதான் மழையின் சொந்த வீடு என்றார்.

வெளியே கூரை நிழலில் இருந்து மாமா கேட்டார். "அந்த மண்ணு யாருது?"

"அரசாங்கத்துது."

"அதுக்கு முன்னாடி? மழை பெய்யுற எடத்துல மனுசன் இல்லாமலா இருப்பான்?"

"அன்னைக்குப் பேய், இன்னைக்கு மனுசனா?" என்றார் தெமாவா. மறுபடி சிரிப்பு. நாங்கள் இந்தச் சாலமனுக்கு வந்து இறங்கிய முதல் மாதமே அந்தக் கேள்விக்குப் பதில் கத்தியோடு கரையில் வந்து நின்றது. இன்றைக்கு வரை நின்றுகொண்டிருக்கிறது. இந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது அவர்கள் தாத்தன் மண். எங்களை இங்கே கொண்டுவந்து இறக்கியவர்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கப்பல் வந்த அன்று அம்மா மட்டும் படகில் ஏறவில்லை. தாகத்தில் உதடு வெடித்து, ஓலைப் பாயில் கரையில் உட்கார்ந்திருந்தாள். நான் கெஞ்சினேன், பௌரோ தூக்கப் பார்த்தார், கையைத் தட்டிவிட்டாள்.

"எங்கண்ணன் சொல்லட்டும். அது சொன்னா வர்றேன்."

மாமா வந்து தள்ளி நின்றார். "தங்கிரா, நான் சொல்லி நீ பட்டது போதாதா?"

"எனக்கு வேற யாரு சொல்லுறது? போலாமா, வேணாமா?"

படகுக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். தீவில் ஒரு பீப்பாய்த் தண்ணீர் கூட மிச்சம் இல்லை. மாமாவின் முகம் எப்படி இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தச் சாலமனை அவர் பார்த்ததில்லை. ருசி பார்க்க ஒரு வாய்த் தண்ணீர்கூட அங்கிருந்து அவருக்கு வரவில்லை. அவருக்கு அதில் துளி நம்பிக்கை இல்லை, எனக்குத் தெரியும். கடைசியில், "போலாம்" என்றார்.

அம்மா எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு, தானாகவே படகில் ஏறினாள்.

சாலமனில் மழை எங்களை வரவேற்றது. முதல் சில நாள் அம்மா வாசலில் சட்டியை வைத்து நிறைவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "பாத்தியா, அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று என்னிடம் பெருமை பேசினாள். ஆனால் மழைத் தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் கொசு, கொசுவோடு மலேரியாக் காய்ச்சல். எங்கள் மணல்தீவுகளில் இல்லாத காய்ச்சல் அது, எங்கள் ரத்தத்துக்குப் பழக்கமே இல்லை. உடம்பு தூக்கித் தூக்கிப் போடும், பல் கிட்டும், அப்புறம் கொதிக்கும். குழந்தைகளும் வயசானவர்களும் முதலில் போனார்கள். அம்மா அந்த முதல் பருவத்திலேயே போனாள். காய்ச்சல் உச்சத்தில் தண்ணீர் தண்ணீர் என்றாள். வாயில் ஊற்றியதெல்லாம் வெளியே வந்தது.

குழி நான்தான் வெட்டுவேன் என்று மாமா சொல்லிவிட்டார். யாரும் தடுக்கவில்லை. வெட்டுகிறவர் கை இன்னும் மறக்கவில்லை, மண்வெட்டி நேராக இறங்கியது. முழங்கால் ஆழத்திலேயே நாலு பக்கமும் ஊற்றெடுத்து நிறைந்தது. பக்கத்தில் வெட்டினார், அங்கேயும் அப்படித்தான். பெரியவர்கள் வாளியால் இறைத்தார்கள், மாமா ஆள் ஆழத்துக்கு வெட்டிக்கொண்டே போனார், இறைக்க இறைக்க ஊறியது. மேலே மழை வேறு.

"மழை விடட்டும், காத்திருப்போம்" என்றார் போதகர்.

"இங்க விடாதய்யா" என்றார் மாமா. "எறக்குங்க."

பலகைப் பெட்டியைக் கயிற்றில் இறக்கினோம். அது தண்ணீரில் உட்காரவில்லை. மிதந்தது. ஒரு பக்கம் சாய்ந்து, குழியின் சுவரில் இடித்து இடித்துத் திரும்பியது. மண்ணைத் தள்ளினால் மண் கரைந்து ஓடியது, பெட்டி மேலே வந்தது. பெண்கள் அலறினார்கள். தெமாவா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் ஜனத்தில் அண்ணன் தங்கையின் தலையைத் தொட மாட்டான். அவள் படுத்து எழுந்த பாயைக்கூடத் தாண்ட மாட்டான், சுற்றிக்கொண்டு போவான். மாமா குழிக்குள் இறங்கினார். பெட்டியின் மேல் ஏறி, இரண்டு காலையும் அகட்டி நின்றார். அவர் கனத்தில் அது மெல்ல அமிழ்ந்தது. தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்தது.

"போடுங்கடா" என்றார்.

யாருக்கும் கை வரவில்லை. அவர் மறுபடி கத்தினார். அப்புறம் போட்டார்கள். மண்ணும் கல்லும் அவர் காலைச் சுற்றி விழுந்தன. பெட்டி இனி எழாது என்று ஆகும் வரை, மழையில் நனைந்துகொண்டு, என் அம்மாவின் மேல் என் மாமா நின்றுகொண்டிருந்தார். பிறகு பௌரோவும் இன்னொருவரும் கைகொடுத்து அவரை வெளியே இழுத்தார்கள்.